பாகம் மாறும்போது பயிற்சியும் மாறுவது எப்படி? ஒரு வயர் ஹார்னஸ் தொழிற்சாலையை வைத்து விரிவான பதில்

கேள்வி இதுதான்: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வயர் ஹார்னஸ் (வண்டியின் மின் வயர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) தொழிற்சாலை. இதுவரை பெட்ரோல் இருசக்கர வண்டிகளுக்கு ஹார்னஸ் செய்துவந்தது. இப்போது எலக்ட்ரிக் வண்டிக்கான பேட்டரி கேபிள் ஆர்டர் வந்திருக்கிறது. ஜனவரியில் போட்ட பயிற்சி அட்டவணையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வியாபாரம் இப்படி மாறிக்கொண்டே இருக்கும்போது பயிற்சித் திட்டத்தையும் அதோடு சேர்த்து எப்படி நகர்த்துவது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியை மாதத்தோடு கட்டாதீர்கள், மாற்றத்தோடு கட்டுங்கள். வரைபடமோ, இயந்திரமோ, மூலப்பொருளோ, செய்முறையோ மாறும் ஒவ்வொரு முறையும் பயிற்சிக்கு ஒரு வேலை பிறக்க வேண்டும். அந்த வேலை முடிய வேண்டிய தேதி, உற்பத்தி தொடங்கும் நாள் அல்ல. வாடிக்கையாளருக்கு ஒப்புதல் மாதிரி ஓட்டும் நாள். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் செய்முறைதான்.

ஆண்டு அட்டவணை ஏன் பின்தங்குகிறது

பெரும்பாலான நிறுவனங்களில் டிசம்பர் மாதம் ஒரு பயிற்சித் தேவைப் படிவம் சுற்றுக்கு விடப்படும். துறைத் தலைவர்கள் போன வருடப் படிவத்தைப் பார்த்து நிரப்புவார்கள்: 5எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை), கம்யூனிகேஷன், அளவுக் கருவிகள், தீயணைப்பு. அதை ஹெச்ஆர் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்துப் போடும். ஆடிட்டுக்கு இது போதும். ஆனால் ஏப்ரலில் வாடிக்கையாளர் ஒரு டெர்மினலை (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) மாற்றினால், அந்தச் செய்தி இந்த அட்டவணைக்குள் நுழைய வழியே இல்லை. அது டிசைனிலிருந்து குவாலிட்டிக்குப் போகும், குவாலிட்டியிலிருந்து உற்பத்திக்குப் போகும். கடைசியில் சூப்பர்வைசர் ஷிஃப்ட் தொடக்க மீட்டிங்கில் நின்றுகொண்டே இரண்டு நிமிடம் சொல்லிவிட்டுப் போவார். இரவு ஷிஃப்டுக்கு அதுவும் கிடைக்காது.

அட்டவணையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதை இரண்டாகப் பிரியுங்கள். மாறாத பயிற்சிகள் என்று சில உண்டு: தீயணைப்பு, முதலுதவி, மைக்ரோமீட்டர் பிடிப்பது, புதிதாகச் சேர்பவர்களுக்கான அறிமுகம். இவை ஆண்டு அட்டவணையிலேயே இருக்கட்டும். மீதமுள்ள மணிநேரத்தைப் பெயர் போடாமல் காலியாக வையுங்கள். மொத்தப் பயிற்சி மணிநேரத்தில் ஏறக்குறைய பாதியைக் காலியாக விடுவது நல்லது என்பது என் கருத்து. புதிய ஆர்டர்கள் அடுத்தடுத்து வரும் ஆண்டில் அதற்கு மேலும் விடலாம். காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்து நிர்வாகம் பதறும். ‘இது மாற்றங்களுக்கான இருப்பு’ என்று அட்டவணையிலேயே எழுதிவிட்டால் பதற்றம் குறையும்.

மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்

வியாபாரத் தேவை திடீரென்று மாறிவிட்டதாகச் சொல்வது வழக்கம். வாகனத் துறையில் பெரிய மாற்றங்கள் தேதி சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கின்றன. இருசக்கர வண்டிகளுக்கு ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ் பிரேக் என்ற விதி, புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும் எல்லா மாடல்களுக்கும் 2019 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தது. பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி 2020 ஏப்ரல் 1 அன்று வந்தது. பிஎஸ்-5ஐத் தாண்டி நேராக 6க்குப் போகப்போகிறோம் என்று அரசு 2016 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தபோது சென்சார்கள் கூடின, வயர்கள் கூடின, கனெக்டர்களின் பின்கள் சிறுத்தன. ஹார்னஸ் செய்யும் எவரும் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தயாராகத் தொடங்கியிருக்கலாம். மின்சார வண்டிகள் தீப்பிடித்த 2022ஆம் ஆண்டுக்குப் பிறகு, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதி இறுக்கப்பட்டு 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக அமலானது. அதற்கு மட்டும் அவகாசம் குறைவாக இருந்தது. ஆனாலும் தேதி கையில் இருந்தது.

ஆகவே பயிற்சிப் பொறுப்பாளர் வாரம் ஒருமுறை, இருபது நிமிடம், ஐந்து காகிதங்களைப் பார்க்க வேண்டும்: விலை கேட்டு வந்திருக்கும் புதிய விசாரணைகள், இசிஎன் என்று எல்லோரும் சொல்லும் வரைபட மாற்ற அறிவிப்பு, இயந்திரம் வாங்க எழுதிய பர்ச்சேஸ் ஆர்டர், வாடிக்கையாளர் புகார்கள், அடுத்த ஆறு மாதத்தில் ஓய்வு பெறுபவர்களும் ஒப்பந்தம் முடிபவர்களும் அடங்கிய பட்டியல். குவாலிட்டி, உற்பத்தி, டிசைன் மூன்றிலிருந்தும் ஒருவர் உடன் உட்கார வேண்டும். ஒவ்வொரு காகிதத்திடமும் ஒரே கேள்விதான்: இதனால் யாருடைய கை வேறு மாதிரி அசைய வேண்டும்? யாருடைய கையும் மாறாது என்றால் பயிற்சி தேவையில்லை, ஒரு தகவல் பலகை போதும். மாறும் என்றால், எந்த ஸ்டேஷன், எத்தனை பேர், எந்தத் தேதிக்குள் என்று அங்கேயே எழுதிவிட வேண்டும்.

இசிஎன் படிவத்தின் கையொப்பக் கட்டங்களில் பயிற்சிக்கும் ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். ‘பயிற்சி தேவை / தேவையில்லை, முடிக்கும் தேதி’ என்ற ஒரு வரி போதும். அந்தக் கட்டம் நிரம்பாமல் மாற்றம் லைனுக்குப் போகக் கூடாது. இதைவிடச் சிறிய செலவில் இதைவிடப் பெரிய பலன் தரும் ஏற்பாடு எனக்குத் தெரிந்து கிடையாது. ஐஏடிஎஃப் 16949:2016 தரச் சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனம் என்றால் உங்களுக்கு வலுவான ஆதாரமும் உண்டு. அதன் 7.2.2 பிரிவு, புதிய அல்லது மாற்றப்பட்ட பொறுப்பை ஏற்கும் ஒவ்வொருவருக்கும் வேலையிடத்திலேயே பயிற்சி தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அதில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் உள்ள வித்தியாசத் தாள்

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. எலக்ட்ரிக் வண்டி வந்ததும் ‘மின்சார வாகனம் ஓர் அறிமுகம்’ என்று ஒருநாள் வகுப்பு வைப்பார்கள். மோட்டார் எப்படிச் சுற்றுகிறது, லித்தியம் செல் எப்படி வேலை செய்கிறது என்று ஸ்லைடுகள் ஓடும். கிரிம்ப்பிங் (டெர்மினலை வயரில் அழுத்திப் பொருத்துவது) ஸ்டேஷனில் நிற்பவருக்கு அதனால் பயன் மிகக் குறைவு. பத்து வருடம் ஹார்னஸ் செய்தவருக்கு எல்லாவற்றையும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையும் இல்லை. அவருக்கு வேண்டியது, எது அப்படியே இருக்கிறது, எது மாறுகிறது, எது பார்க்கப் பழையது போலவே இருந்து ஏமாற்றும் என்ற மூன்று பத்திகள் கொண்ட ஒரு தாள்.

மூன்றாவது பத்திதான் உயிர்நாடி. உதாரணம் சொல்கிறேன்.

பெட்ரோல் வண்டி ஹார்னஸில் பெரும்பாலும் 0.5 சதுர மி.மீ. போன்ற மெல்லிய வயர்கள். டெர்மினலைத் தானியங்கி இயந்திரம் அழுத்தும், விசையை அதுவே கண்காணிக்கும். ஆபரேட்டர் குறிப்பிட்ட இடைவெளியில் கூர்முனை மைக்ரோமீட்டரால் கிரிம்ப் ஹைட் (அழுத்திய பகுதியின் உயரம்) பார்ப்பார், புல் டெஸ்ட் (இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்வார். பேட்டரி கேபிளில் 16, 25 சதுர மி.மீ. என்று போகும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அறுகோண டை (அழுத்தும் அச்சு) வைத்து லக்கை (தடித்த கேபிள் முனையில் மாட்டும் டெர்மினல்) அழுத்த வேண்டியிருக்கும். இங்கே பழைய பழக்கம் மூன்று இடத்தில் தவறவைக்கும்.

ஒன்று, அளக்கும் விதம். அறுகோண கிரிம்ப்பில் எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான தூரத்தை மூன்று பக்கமும் அளக்க வேண்டும். பழக்க தோஷத்தில் ஒரு பக்கம் மட்டும் அளந்தால், டை சரியாக மூடாமல் சாய்ந்திருப்பது தெரியாது. இரண்டு, அறுந்த இழைகள். மெல்லிய வயரில் இருப்பது சில இழைகள்தான். ஸ்ட்ரிப் செய்யும்போது ஒன்று அறுந்தாலும் கண்ணில் படும். தடித்த வளையும் கேபிளில் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள் இருக்கும். பத்து அறுந்தாலும் முழுசாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் அந்த இடத்தில் குறுக்களவு குறைந்து, அதிக மின்னோட்டத்தில் சூடேறும். ஆகவே கத்தியின் ஆழத்தை அமைப்பதும், முதல் துண்டைப் பெரிதாக்கும் கண்ணாடியில் பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மூன்று, டை மாறிப்போவது. 16க்கும் 25க்கும் டை வேறு. பெரிய டையில் சிறிய லக்கை வைத்தாலும் ஏதோ ஒரு வடிவத்தில் அழுத்திக் கொடுத்துவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், இழுத்தால் கழன்று வரும். டைகளுக்கு நிறம் பூசி, அதே நிறத்தை லக் வைக்கும் பெட்டிக்கும் பூசிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பயிற்சியால் தீர்க்க வேண்டியதையும் இப்படி அமைப்பால் தீர்க்கக் கூடியதையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். அமைப்பால் தீர்வதற்குப் பயிற்சி மணிநேரத்தைச் செலவழிக்கக் கூடாது.

ஷீல்டு (கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக இழை உறை) உள்ள கேபிளாக இருந்தால் இன்னொன்றும் சேர்கிறது. ஷீல்டின் ஒரே ஓர் இழை பிரிந்து உள்கம்பிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாலும் இன்சுலேஷன் பழுதாகும். பழைய ஹார்னஸில் இப்படி ஒரு வேலையே இல்லை. ஆக, இது ‘மாறுகிறது’ பத்தியில் வரும்.

கடைசி ஸ்டேஷன் உயிர் சம்பந்தப்பட்டது. பழைய லைனில் செய்வது குறைந்த வோல்ட்டில் தொடர்ச்சிச் சோதனை. கையை வைத்துக்கொண்டே செய்தாலும் ஒன்றும் ஆகாது. உயர் வோல்ட் கேபிளுக்கு இன்சுலேஷனைச் சோதிக்க ஹைபாட் டெஸ்ட் வைப்பார்கள். வோல்ட் அளவை வரைபடம் சொல்லும், ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். சோதனை முடிந்த பிறகும் ஷீல்டு கேபிளில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம், டிஸ்சார்ஜ் ஆன பிறகே தொட வேண்டும். மூடி திறந்தால் மின்சாரம் நிற்கும் இன்டர்லாக்கும், இரண்டு கையாலும் அழுத்தும் பட்டனும் இல்லாமல் அந்த ஸ்டேஷனில் யாருக்கும் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. பொதுவாக 60 வோல்ட் டிசிக்கு மேல் போனால் வாகனத் துறையில் அது உயர் வோல்ட் வகையாகக் கருதப்படும். இருசக்கர எலக்ட்ரிக் வண்டிகள் 48, 60, 72 என்று அந்தக் கோட்டின் இரு பக்கமும் இருப்பதால், ‘நம் பாகம் எந்தப் பக்கம்?’ என்பதை வித்தியாசத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு ஸ்டேஷன், ஒரு பக்கம்

வித்தியாசத் தாள் பழையவர்களுக்கு. எல்லோருக்கும் பொதுவானது வேலைப் பிரிப்புத் தாள். அமெரிக்காவில் 1940 முதல் 1945 வரை நடந்த டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி என்ற திட்டம் இதைச் செம்மைப்படுத்தியது. போர்க்காலத்தில் தொழிற்சாலையையே பார்த்திராதவர்கள் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தபோது, அவர்களை விரைவில் தயார்படுத்த உருவாக்கியது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது. இன்று டோஜோ என்று நாம் சொல்லும் பயிற்சி அறைகளில் நடப்பதில் பெரும்பகுதி இந்த வழிதான்.

தாளில் மூன்று பத்திகள்: என்ன செய்வது, எதைக் கவனிப்பது, ஏன். முக்கியப் படிகள் ஐந்து முதல் ஏழு வரை இருக்கட்டும். அதற்கு மேல் போனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ‘லக்கைக் கேபிளில் நுழை’ என்பது படி. ‘பார்வைத் துளையில் செம்பு தெரிய வேண்டும்’ என்பது கவனிக்க வேண்டியது. ‘தெரியவில்லை என்றால் கேபிள் முழுதாக உள்ளே போகவில்லை, இழுத்தால் கழன்றுவிடும்’ என்பது காரணம். காரணப் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காரணம் தெரியாதவர் அவசரத்தில் முதலில் கைவிடுவது அந்தப் படியைத்தான்.

சொல்லித்தருவதில் நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் கற்பவரைத் தயார்படுத்துவது: அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, பதற்றத்தைத் தணிப்பது, சரியான இடத்தில் நிறுத்துவது. இரண்டாவது செய்து காட்டுவது. முதல் முறை படிகளை மட்டும் சொல்லி, அடுத்த முறை கவனிக்க வேண்டியவற்றோடு, மூன்றாம் முறை காரணங்களோடு. மூன்றாவது அவரைச் செய்யவைப்பது. முதலில் பேசாமல் செய்யட்டும், பிறகு படிகளைச் சொல்லிக்கொண்டு, பிறகு கவனிப்பையும் காரணத்தையும் அவர் வாயாலேயே சொல்லிக்கொண்டு. நான்காவது தனியாக விட்டுவிட்டு, யாரைக் கேட்க வேண்டும் என்று காட்டி, போகப்போகக் கூடும் இடைவெளியில் வந்து பார்ப்பது. இவற்றில் மூன்றாவதைச் சுருக்கினால் பயிற்சியே நடக்காததற்குச் சமம். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எவரும் புரியவில்லை என்று சொல்லமாட்டார்.

தாளில் திருத்த எண் இருக்க வேண்டும். லைனில் தொங்கும் வேலை வழிமுறையின் திருத்த எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். லைனில் திருத்தம் 4 ஓடும்போது டோஜோவில் திருத்தம் 2இன் மாதிரிப் பாகங்கள் பலகையில் மாட்டியிருப்பது சாதாரணமாகக் காணக் கிடைக்கும் காட்சி. புதிதாக வந்தவர் நேர்மையாகப் பழைய முறையைக் கற்றுக்கொண்டு லைனுக்குப் போவார். அங்கே அவர் கற்றது செல்லாது என்று தெரிந்ததும் பயிற்சி மேலேயே நம்பிக்கை போய்விடும்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

புதிய பாகத்துக்கு, உற்பத்தி தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் பிபிஏபி என்ற பாக ஒப்புதல் வாங்க வேண்டும். வாடிக்கையாளர் வேறு எண் சொல்லாதவரை, அதற்கான ஓட்டம் ஒரு மணி முதல் எட்டு மணி நேர உற்பத்தியாக, தொடர்ச்சியாகக் குறைந்தது 300 பாகங்களாக இருக்க வேண்டும். உண்மையான உற்பத்தி இடம், உண்மையான டை, உண்மையான ஆபரேட்டர்களுடன் செய்ய வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? டெவலப்மென்ட் பிரிவின் கைதேர்ந்த நான்கு பேர் வந்து அந்த 300ஐ ஓட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒப்புதல் கிடைத்துவிடும். பிறகு உற்பத்தி தொடங்கும் நாளில் வேறு ஆட்கள், வேறு கைகள். முதல் மாதத்து ரிஜெக்‌ஷன் அத்தனையும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. பயிற்சி முடியும் தேதி பிபிஏபி ஓட்டம் என்று முதலிலேயே சொன்னது இதனால்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு. புதிய கேபிள் லைனில் 12 ஸ்டேஷன், இரண்டு ஷிஃப்ட். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறைந்தது இரண்டு பேருக்கு அந்த வேலை தனியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். 12 × 2 × 2 = 48 தேர்ச்சிகள். ஷிஃப்டுக்கு 12 பேரும் 2 மாற்று ஆட்களும் என்று 28 பேர். ஆளுக்கு இரண்டு ஸ்டேஷன் கற்றால் 56 தேர்ச்சி, 48ஐத் தாண்டிவிடுகிறது. ஒரு ஸ்டேஷனுக்குச் சொல்லித்தரவும் பழகவும் ஆறு மணி நேரம் என்றால் 336 மனித-மணி. பாதுகாப்புக்கு ஆளுக்கு இரண்டு மணி சேர்த்தால் 392. எட்டு மணி ஷிஃப்டில் சொன்னால் 49 ஆள்-ஷிஃப்ட். நிர்வாகத்திடம் ‘பயிற்சிக்கு நேரம் வேண்டும்’ என்று கேட்பதற்கும், ‘எட்டு வாரத்தில் 49 ஆள்-ஷிஃப்ட் வேண்டும், இந்தத் தேதிகளில் வேண்டும்’ என்று கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எட்டு வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு வாரம், சோதனைப் பாகங்கள் செய்யும்போதே வேலைப் பிரிப்புத் தாள்களை எழுதுவது. டெவலப்மென்ட் ஆட்களின் கையில் இருக்கும் நுணுக்கம் காகிதத்துக்கு வர வேறு வாய்ப்பு கிடைக்காது. அடுத்த வாரம், ஷிஃப்டுக்கு இரண்டு பயிற்றுநர்களைத் தயார்படுத்துவது. பிறகு நான்கு வாரம், நான்கு நான்கு பேராக ஏழு குழுக்கள். கடைசி வாரத்தைக் காலியாக விடுங்கள். தேர்ச்சி பெறாதவர்களுக்கும், விடுப்பில் போனவர்களுக்கும், கடைசி நேரத்தில் வரும் இசிஎன்னுக்கும் அது வேண்டியிருக்கும். கடைசி நேரத்தில் ஒன்றாவது வரும்.

ஸ்கில் மேட்ரிக்ஸ் உண்மையைச் சொல்ல வேண்டும்

யாருக்கு எந்த ஸ்டேஷன் வேலை எந்த அளவு தெரியும் என்று, லைன் பலகையில் வட்டத்தை நான்காகப் பிரித்துக் கறுப்பு அடித்துக் காட்டும் அந்த அட்டையை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் புதுப்பிக்கப்படும் அட்டையால் எந்தப் பயனும் இல்லை. அதை உயிரோடு வைக்க மூன்று விதிகள் போதும். மூன்றாம் நிலை, அதாவது தனியாகச் செய்யும் தகுதி, சூப்பர்வைசர் வாய்மொழியாகச் சொன்னால் கிடைக்கக் கூடாது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாகங்களைக் குறித்த நேரத்தில் பிழையில்லாமல் செய்து காட்ட வேண்டும். எண்ணிக்கையை ஸ்டேஷனைப் பொறுத்து வையுங்கள், 30 ஒரு நல்ல தொடக்கம். அடுத்து, 90 நாள் அந்த ஸ்டேஷனில் நிற்காதவரின் நிலை ஒன்று இறங்க வேண்டும். மூன்றாவது, வரைபடம் மாறினால் அந்த ஸ்டேஷனில் எல்லோருடைய தகுதியும் ‘மறுபார்வை’ என்று மாற வேண்டும், வித்தியாசத் தாளில் கையெழுத்தான பிறகே திரும்ப வர வேண்டும். வியாபாரம் மாறியதைப் பலகை காட்டுவது இந்த மூன்றாவது விதியால்தான்.

கண்ணால் பார்த்துத் தேர்வு செய்யும் இன்ஸ்பெக்டர்களுக்குத் தனிச் சோதனை வேண்டும். நல்லதும் கெட்டதும் எல்லைக்கோட்டில் நிற்பதுமாக 50 பாகங்களை எண்ணிட்டு, மூன்று பேரிடம் மூன்று முறை வரிசை மாற்றிக் கொடுங்கள். கப்பா என்ற ஒப்புமை எண் 0.75க்கு மேல் இருந்தால் அவர்கள் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள் என்று கொள்ளலாம். 0.40க்குக் கீழே என்றால் வகுப்பு எடுத்துப் பயனில்லை. நல்லது எது, கெட்டது எது என்ற எல்லை மாதிரிகளே தெளிவாக இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். புதிய பாகத்தில் இதைச் செய்யாமல் விட்டால், பழைய பாகத்தின் கண்ணோடு புதியதைப் பார்ப்பார்கள்.

யார் சொல்லித்தருவது, யாருக்கு

மிக வேகமான ஆபரேட்டரைப் பயிற்றுநராக்குவது வழக்கம். வேகமாகச் செய்பவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும் என்பதில்லை. பொறுமையாகக் கேட்பவரும், ‘ஏன்’ என்று கேட்டால் கோபப்படாதவரும்தான் தேவை. அவருக்கு ஒரு படித்தொகையும், பயிற்சி நாளில் உற்பத்தி இலக்கிலிருந்து விலக்கும் கொடுங்கள். விலக்கு இல்லாவிட்டால், பதினோரு மணிக்கு லைன் பின்தங்கியதும் சூப்பர்வைசர் அவரையும் கற்பவரையும் சேர்த்து இழுத்துப் போவார். சூப்பர்வைசரைக் குறை சொல்லி ஆவதில்லை, அவருடைய அளவுகோல் அன்றைய எண்ணிக்கை. அந்த அளவுகோலில் ‘தேர்ச்சி பெற்றவர்கள்’ என்ற எண்ணையும் சேர்க்க வேண்டியது நிர்வாகத்தின் வேலை.

ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் மனம்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிரிம்ப்பிங், ஹைபாட் போன்ற ஸ்டேஷன்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினால் எந்தப் பயிற்சித் திட்டமும் தாங்காது. ஒப்பந்ததாரருடன் போடும் ஏற்பாட்டிலேயே, தேர்ச்சி பெற்றவரை முன்கூட்டிச் சொல்லாமல் மாற்றக் கூடாது என்று எழுதுங்கள். முக்கிய ஸ்டேஷன்களை நிரந்தரத் தொழிலாளரிடம் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் லைனில் இருந்தால், தமிழ்த் தாளை இந்தியில் பெயர்த்து ஒட்டுவதோடு நிற்காதீர்கள். சொற்களைக் குறைத்து, சரியான பாகத்தின் படத்தையும் தவறான பாகத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, உண்மையான வெட்டுத் துண்டுகளையும் தொட்டுப் பார்க்க மாட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பயிற்சிப் பயிலுநர்களையும் இந்தக் கணக்கில் சேருங்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 2019 திருத்த விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் உள்ள நிறுவனங்கள் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிலுநர்களை எடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரும் அந்த ஆள்பலத்தில் அடக்கம். எப்படியும் எடுக்க வேண்டியவர்கள் என்றால், பழைய லைனில் உதவிக்கு நிறுத்துவதைவிடப் புதிய லைனின் வேலைப் பிரிப்புத் தாள்களோடு தொடங்கவைப்பது நல்லது. மறக்க வேண்டிய பழக்கம் அவர்களுக்கு இல்லை.

எதை அளப்பது

எத்தனை பேர் வகுப்பில் உட்கார்ந்தார்கள், எத்தனை மணி நேரம், கருத்துப் படிவத்தில் எத்தனை நட்சத்திரம் என்பவை பயிற்சி நடந்தது என்று மட்டும் சொல்லும். மாற்றத்தைப் பிடித்தோமா என்று தெரிய வேறு எண்கள் வேண்டும். இசிஎன் வெளியான நாளிலிருந்து, சம்பந்தப்பட்ட கடைசி ஆள் தேர்ச்சி பெறும் நாள் வரை எத்தனை நாள்? இதுதான் தலையாய எண். எல்லா ஷிஃப்டையும் சேர்த்துப் பாருங்கள். இரவு ஷிஃப்டுக்குத் தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேதான் இழுபறி தெரியும். அடுத்து, மாற்றம் வந்த முதல் 30 நாளில் அந்த ஸ்டேஷனின் ரிஜெக்‌ஷன். அதையும் ஆபரேட்டர் வாரியாக அல்லாமல், பிழையின் வகை வாரியாகப் பிரியுங்கள். ஒரே வகைப் பிழை பலரிடம் வந்தால் தாளில் குறை. பல வகைப் பிழை ஒருவரிடம் வந்தால் அவருக்கு இன்னும் பழக்கம் வேண்டும். தேர்வில் எத்தனை பேர் முதல் முறை தேறவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் பூஜ்யமாகவே இருந்தால், அந்தத் தேர்வு எதையும் சோதிக்கவில்லை.

கடைசியாக, நீக்குவது. சேர்ப்பதற்கு எல்லோரும் தயார், எடுப்பதற்கு யாருக்கும் மனம் வராது. ஒவ்வொரு பயிற்சித் தாளிலும் ஒரு பொறுப்பாளர் பெயரும், ‘இந்தத் தேதிக்குள் மறுபார்வை’ என்ற வரியும் இருக்கட்டும். ஆறு மாதம் போதும். அந்தத் தேதியில் பொறுப்பாளர் கையெழுத்திடாவிட்டால் தாள் தானாகவே விலக்கப்பட வேண்டும். பழைய மாடலுக்கு உதிரிபாக ஆர்டர் இன்னும் வருகிறது என்றால், அதற்கு இரண்டு பேரை மட்டும் தேர்ச்சியோடு வைத்துக்கொண்டு மற்றவர்களை விடுவியுங்கள். புதிய லைனுக்கு வேண்டிய 49 ஆள்-ஷிஃப்டில் கணிசமான பகுதி, இப்படிக் கைவிட்ட பழைய வகுப்புகளிலிருந்தே கிடைத்துவிடும். நிர்வாகத்திடம் கூடுதல் நேரம் கேட்டுப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டு, மீதி எவ்வளவு வேண்டும் என்ற எண்ணோடு போங்கள்.